கழித்தல் குறி இருக்க வேண்டிய இடம்: கணிதப் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல்களை எழுதுவோருக்கும், அவற்றைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவோருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் அமைப்போருக்கும் வணக்கம்.

அறிவியல் குறியீடு என்ற பாடத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு ஒரு வரையறை தந்திருப்பீர்கள். ஓர் எண்ணை, அ என்ற கெழுவையும் 10-இன் ஓர் அடுக்கையும் பெருக்கிய வடிவில் எழுதுவது அறிவியல் குறியீடு. இதில் 1 ≤ அ < 10. அடுக்கு ஒரு முழு எண். அடுத்த வரியில் கதிரவனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு வரும். அதற்கடுத்து ஏதாவது ஒரு நுண்ணுயிரியின் அளவு வரும். பிறகு பயிற்சி. பல நூல்களில் பாடம் இத்துடன் முடிந்துவிடுகிறது.

அந்தக் கட்டத்தில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் நம்புகிற மாணவரால் −42,000 என்ற எண்ணை அறிவியல் குறியீட்டில் எழுதவே முடியாது. −4.2 என்பது 1-ஐவிடச் சிறியது. எனவே கெழுவாக நிற்க அதற்கு அனுமதி இல்லை. 4.2-ஐ வைத்துக்கொண்டு 10-இன் எந்த அடுக்கால் பெருக்கினாலும் விடை சுழிக்கு வலப்பக்கம்தான் விழும். ஆக, எண்கோட்டின் இடப்பக்கம் முழுவதையும் வெளியே நிறுத்திவிட்டீர்கள். சில நூல்கள் ‘மிகை எண்களை’ என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துவிடுகின்றன. தர்க்கப்படி அதில் பிழையில்லை. ஆனால் குறை எண்களை எப்படி எழுதுவது என்று அந்த நூல்களும் வேறெங்கும் சொல்வதில்லை. தேர்வில் மட்டும் ஒருநாள் −0.0063 வந்து நிற்கும்.

கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இதன் விளைவை நேரில் பார்க்கிறவன் நான். கரும்பலகையில் −42,000 என்று எழுதி, அறிவியல் குறியீட்டில் மாற்றுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அதிகம் வருகிற தவறான விடை 4.2 × 10⁻⁴. அதை எழுதிய பிள்ளை சோம்பேறி அல்ல. தசமப் புள்ளியை நான்கு இடம் சரியாக நகர்த்தியிருக்கிறது, கெழுவைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. கடைசியில் கையில் ஒரு கழித்தல் குறி மிஞ்சுகிறது. அதை எங்கே வைப்பது? கெழு 1-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று கட்டத்தில் போட்டிருக்கிறது. அங்கே வைக்க வழியில்லை. அடுக்கு முழு எண்ணாக இருந்தால் போதும், குறை எண்ணாகவும் இருக்கலாம் என்றும் அதே கட்டத்தில் போட்டிருக்கிறது. ஆகவே குறி அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த விடையின் மதிப்பு 0.00042. குறியும் மாறிவிட்டது, அளவும் பத்துக் கோடி மடங்கு சுருங்கிவிட்டது. இவ்வளவுக்கும் அந்தப் பிள்ளை உங்கள் வரையறையை ஓர் எழுத்துக்கூட மீறவில்லை.

வேறு சிலர் 4.2 × (−10)⁴ என்று எழுதுவார்கள். இது கொஞ்சம் வேடிக்கையான தவறு. அடுக்கு 4 என்பதால் (−10)⁴ மறுபடியும் மிகை எண்ணாகிவிடுகிறது; விடை 42,000. ஆனால் கேட்ட எண் −4,200 என்று இருந்திருந்தால், 4.2 × (−10)³ மதிப்பில் சரியாகவே வந்திருக்கும். ஒற்றைப்படை அடுக்கு வந்தால் தப்பிக்கிறது, இரட்டைப்படை வந்தால் மாட்டிக்கொள்கிறது. இப்படிப் பாதி நேரம் பலிக்கிற தவறான வழியைப் பிள்ளைகள் மனதிலிருந்து பெயர்த்தெடுப்பது முழுத் தவறைத் திருத்துவதைவிடக் கடினம். இன்னும் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலும் குறியைப் போட்டு −4.2 × 10⁻⁴ என்று முடித்துவிடுவார்கள்.

எப்போதாவது ஒரு பிள்ளை எழுந்து, “இதை எழுத முடியாது” என்று சொல்லும். நூலில் உள்ள வரையறைப்படி வகுப்பிலேயே சரியான விடை அதுதான். விடைக்குறிப்பு அதற்குச் சுழி மதிப்பெண் தருகிறது.

சரியான விடை −4.2 × 10⁴ என்பது உங்களுக்குத் தெரியும். அது ஏன் சரி என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்: எண்ணின் குறி கெழுவோடு ஒட்டிக்கொள்ளும், அடுக்கின் குறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கெழுவின் முன்னால் உள்ள குறி, எண் சுழிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறது. அடுக்கின் குறி, அது சுழியிலிருந்து எவ்வளவு தொலைவு என்று சொல்வதில் ஒரு பகுதி. ஒன்றைவிட நெருக்கமா, தள்ளியா என்று காட்டுவது. 4.2 × 10⁴, 4.2 × 10⁻⁴, −4.2 × 10⁻⁴, −4.2 × 10⁴ ஆகிய நான்கையும் ஒரே எண்கோட்டில் குறித்துக் காட்டுங்கள். முதலாவது வலப்பக்கம் வெகு தொலைவில் நிற்கும். நான்காவது அதே அளவு இடப்பக்கம். நடுவில் உள்ள இரண்டும் சுழியின் இருபுறமும் ஒட்டி நிற்கும். கோட்டில் வரையப்போனால் சுழியிலிருந்து பிரித்தே காட்ட முடியாது. அரைப் பக்கம்கூடப் பிடிக்காத அந்தப் படத்தைப் பாடநூல்களில் தேடித்தேடிப் பார்க்கிறேன். இந்த நான்கில் முதல் இரண்டைத் தவிர வேறெதுவும் அகப்படுவதில்லை.

இப்போது மணியடிக்கிறது, அடுத்த வகுப்பு இயற்பியல். கணித நூல் இல்லவே இல்லை என்று சொன்ன எண்கள் அங்கே பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. எலக்ட்ரானின் மின்னூட்டம் −1.602 × 10⁻¹⁹ கூலும். இங்கே இரண்டு குறிகளும் ஒரே எண்ணில் வருகின்றன, இரண்டும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. முன்னால் உள்ளது மின்னூட்டத்தின் வகையைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் எலக்ட்ரான் இருந்த இடத்தில் புரோட்டானின் மின்னூட்டம் நிற்கும். மேலே உள்ளது அந்த மின்னூட்டம் எவ்வளவு சிறியது என்று சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் என்ன வரும் என்று சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் ஏறத்தாழ −9 × 10⁻⁶. முன்னால் உள்ள குறிதான் தண்ணீரை டயா காந்தப் பொருளாக, அதாவது காந்தத்தால் மெல்ல விலக்கப்படும் பொருளாக, ஆக்குகிறது. பூமியின் பரப்பில் ஈர்ப்பு நிலை ஆற்றல் ஒரு கிலோகிராமுக்கு −6.26 × 10⁷ ஜூல். கதிரவனும் பூமியும் சேர்ந்த அமைப்பின் ஈர்ப்பு நிலை ஆற்றல் சுமார் −5.3 × 10³³ ஜூல். கடைசி இரண்டிலும் எண் குறை எண், அடுக்கு மிகை எண். குறை எண் என்றால் அடுக்கிலும் குறை இருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கும் மாணவர் இந்த வரியைப் படிக்கும்போது என்ன நினைப்பார்? பெரும்பாலும் ஒன்றும் நினைக்க மாட்டார், மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார். எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஹைட்ரஜன் அணுவின் அடிநிலை ஆற்றல் −2.18 × 10⁻¹⁸ ஜூல். அதற்கடுத்த நிலையின் ஆற்றல் −5.45 × 10⁻¹⁹ ஜூல். இரண்டில் எது மேல்நிலை? வகுப்பில் கேட்டால் விடைகள் நாலாபக்கமும் சிதறும். 5.45 பெரியது, எனவே அதுதான் மேல் என்பார் ஒருவர். விடை சரி, காரணம் தவறு. −19 என்பது −18-ஐவிடச் சிறியது, எனவே அது கீழ் என்பார் இன்னொருவர். அவர் அடுக்கை ஒழுங்காக ஒப்பிட்டிருக்கிறார். முன்னால் நிற்கும் கழித்தல் குறியை மறந்துவிட்டார். சரியான வழி இதுதான்: அடுக்கு −19 என்பதால் இரண்டாவது எண் சுழிக்கு அதிக நெருக்கம், இரண்டும் சுழிக்கு இடப்பக்கம் இருப்பதால், சுழிக்கு நெருக்கமானதே பெரியது. ஆகவே −5.45 × 10⁻¹⁹ மேல்நிலை.

அடிநிலையிலிருந்து அந்த நிலைக்கு எலக்ட்ரானை ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும்? இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். அடுக்குகள் வேறாக இருப்பதால் முதலில் ஒன்றாக்க வேண்டும். −5.45 × 10⁻¹⁹ என்பதை −0.545 × 10⁻¹⁸ என்று எழுதுகிறோம். அடுக்கு ஒன்று கூடியது, கெழுவின் அளவு பத்தில் ஒரு பங்காகியது, முன்னால் உள்ள குறி அசையவில்லை. இனி −0.545-லிருந்து −2.18-ஐக் கழித்தால் 1.635, விடை 1.635 × 10⁻¹⁸ ஜூல். இந்த ஆற்றலுக்குரிய ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1.22 × 10⁻⁷ மீட்டர். ஹைட்ரஜன் நிறமாலையில் புற ஊதாப் பகுதியில் உண்மையாகவே அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது.

குறியைத் தவறவிட்டவர் இரண்டையும் கூட்டி 2.725 × 10⁻¹⁸ என்று எழுதுவார். இந்த விடை தவறு என்று கண்டுபிடிக்க விடைக்குறிப்பு வேண்டாம். எலக்ட்ரானை அணுவிலிருந்து முழுவதுமாக வெளியேற்றவே 2.18 × 10⁻¹⁸ ஜூல் போதும். ஒரு படி ஏற்றுவதற்கு அதைவிட அதிகம் செலவாகுமா? இப்படித் தன் விடையைத் தானே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் குறை எண்கள் தருகின்றன. மிகை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை கோள்களின் தொலைவைக் கேட்டாலும் இந்த வாய்ப்பு வராது.

ஒப்பிடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அறிவியல் குறியீட்டில் எண்களை ஒப்பிட உங்கள் நூல்கள் தரும் விதி: முதலில் அடுக்கைப் பார், பெரிய அடுக்கு பெரிய எண், அடுக்குகள் சமமானால் கெழுவைப் பார். மிகை எண்களுக்கு இது கச்சிதமான விதி. குறை எண்களுக்கு இதே விதி தலைகீழாகப் புரண்டுவிடும். −2 × 10³, −9 × 10⁻², −7 × 10⁻⁵, 3 × 10⁻⁸, 5 × 10¹ ஆகியவற்றை ஏறு வரிசையில் எழுதச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது எழுதிய வரிசையே ஏறு வரிசை. அடுக்குகளை மட்டும் வரிசையாகப் படித்தால் 3, −2, −5, −8, 1. இறங்கி, இறங்கி, இறங்கி, திடீரென்று ஏறுகிறது. சுழிக்கு இடப்பக்கம் இருக்கும்வரை அடுக்கு குறையக் குறைய எண் கூடுகிறது. சுழியைத் தாண்டியதும் விதி பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு மாணவர் இந்த ஐந்து எண்களையும் காரணம் சொல்லி அடுக்கிவிட்டால், அவருக்கு அறிவியல் குறியீடும் தெரியும், எண்கோடும் தெரியும், குறை எண்களின் ஒழுங்கும் தெரியும் என்று அடித்துச் சொல்லலாம். மூன்று பாடங்களை ஒரே வினாவில் சோதிக்கிற இந்த வகைக் கணக்கை விட்டுவிட்டு, 0.000000573-ஐ மாற்றுக என்று பத்துத் தடவை கேட்பதில் உங்களுக்கு என்ன இன்பம் என்று எனக்குப் புரியவில்லை.

பெருக்கல், வகுத்தலில் சிக்கல் வேறு விதம். ‘கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல்’ என்ற வாய்பாடு பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. அதை எங்கே சொல்ல வேண்டும், எங்கே சொல்லக் கூடாது என்பதுதான் தெரிவதில்லை. (−2.5 × 10⁻³) × (4 × 10⁻⁶) என்ற கணக்கில் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது. −3-ம் −6-ம் சேர்ந்து −9. கெழுக்களைப் பெருக்கினால் −10. ஆக −10 × 10⁻⁹, அதைச் சீர்செய்தால் −1 × 10⁻⁸. கழித்தல் குறிகள் மூன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அவற்றை எண்ணி, மூன்று என்பது ஒற்றைப்படை, எனவே விடை குறை எண் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. இந்தக் கணக்கில் அந்த எண்ணிக்கை பலித்துவிடுகிறது. (−2.5 × 10⁻³) × (4 × 10⁶) என்று கேளுங்கள், இப்போது குறிகள் இரண்டு, விடை −1 × 10⁴. எண்ணிக்கை கைவிட்டுவிடும். குறியைக் கெழுக்கள் தீர்மானிக்கின்றன. அடுக்கில் உள்ள குறிகளுக்கு அந்தக் கூட்டத்தில் வாக்குரிமை இல்லை.

எனக்குப் பிடித்த ஒரு கணக்கையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். −2.7 × 10⁻⁸-இன் கன மூலம் என்ன? 2.7-க்குக் கன மூலம் மனக்கணக்கில் வராது, −8 மூன்றால் வகுபடாது. ஆனால் அதையே −27 × 10⁻⁹ என்று எழுதினால் கதவு திறந்துகொள்கிறது: −3 × 10⁻³. ஒழுங்கான வடிவத்தை வேண்டுமென்றே குலைத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஒழுங்குபடுத்துவது. இங்கே கன மூலம் என்பதால் குறை எண்ணுக்கு விடை கிடைத்தது. வர்க்க மூலம் என்றால் மெய்யெண்களில் விடையே இல்லை. அடுக்கில் கழித்தல் குறி இருக்கும் 9 × 10⁻⁸-க்கோ வர்க்க மூலம் தாராளமாக உண்டு; 3 × 10⁻⁴. இரண்டு குறிகளும் வேறு வேறு என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இது புதிய குழப்பமும் அல்ல, தீர்வு இல்லாத குழப்பமும் அல்ல. மடக்கை அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இது அத்துப்படி. ஸ்காட்லாந்துக் கணிதர் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டார்; அதைப் பத்து அடிமானத்துக்குக் கொண்டுவந்து அட்டவணைகள் கணக்கிட்டவர் ஆங்கிலேயக் கணிதர் பிரிக்ஸ். ஓர் எண்ணைப் பெற 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ, அதுவே அந்த எண்ணின் பத்து அடிமான மடக்கை. அந்த அட்டவணைகளைக் கொண்டு 0.00042-இன் மடக்கையை எழுதும்போது 4̄.6232 என்று எழுதுவார்கள். கோடு 4-இன் தலைமேல் மட்டும்தான் இருக்கும். முழு எண் பகுதி குறை, தசமப் பகுதி மிகை என்று பொருள். முழு எண் பகுதி அறிவியல் குறியீட்டின் அடுக்கு. தசமப் பகுதி 4.2 என்ற கெழுவின் மடக்கை. குறி எந்தப் பகுதிக்கு உரியது என்று ஐயமே வராதபடி அதைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டார்கள். சரி, −0.00042-க்கு என்ன செய்வார்கள்? குறை எண்ணுக்கு மெய்யெண் மடக்கை கிடையாது. எனவே முன்னால் உள்ள குறியை ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டு, அளவை மட்டும் அட்டவணையில் போட்டுக் கணக்கை முடித்து, கடைசியில் குறியைத் திரும்பச் சேர்ப்பார்கள். குறி தனி, அளவு தனி என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே இருந்தது. கணிப்பான் வந்து அட்டவணை போனது. நல்லதுதான், அந்த அட்டவணைகளோடு மல்லுக்கட்டியவர் யாரும் அவை திரும்ப வர வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத் தொலைத்திருக்க வேண்டியதில்லை.

கணினிகளும் இதையே செய்கின்றன. தசமப் புள்ளி எண்களைக் கணினியில் சேமிக்க 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தரத்தின்படி, 32 பிட்டுகளில் முதல் பிட்டு எண்ணின் குறிக்கு மட்டும். அடுத்த 8 பிட்டுகள் அடுக்குக்கு. மீதி 23 கெழுவின் பின்னப் பகுதிக்கு. அடுக்குக்கென்று குறிப் பிட்டே கிடையாது; உண்மையான அடுக்கோடு 127-ஐக் கூட்டிச் சேமித்துவிடுகிறார்கள். கணினியில் 10-க்குப் பதில் 2-இன் அடுக்கு என்பதால், −0.375 என்பது −1.5 × 2⁻². குறிப் பிட்டு 1. அடுக்கின் இடத்தில் 125. குறிப் பிட்டை மட்டும் 0 ஆக்கினால் 0.375. அதை அப்படியே விட்டுவிட்டு அடுக்கின் இடத்தில் 129 என்று மாற்றினால் −6. ஒன்றைத் தொட்டால் மற்றது அசைவதில்லை. கணினிப் பாடத்தில் இதைச் சொல்லித்தருகிறோம், கணிதப் பாடத்தில் இதன் எளிய வடிவத்தை மறைக்கிறோம்.

கணிப்பானைப் பற்றி ஒரு சொல். பல அறிவியல் கணிப்பான்களில் கழிப்பதற்கு ஒரு விசை, குறை எண்ணைக் காட்ட இன்னொரு விசை, பத்தின் அடுக்கை உள்ளிட வேறொரு விசை. ஒரு கணக்கு முடிந்த கையோடு அடுத்ததைக் கழித்தல் விசையில் தொடங்கினால், முந்தைய விடையிலிருந்து கழிப்பதாகப் பல கணிப்பான்கள் எடுத்துக்கொள்ளும். அடுக்கு விசைக்கு முன்னால் 10-ஐயும் தட்டிவிட்டால் விடை பத்து மடங்கு கூடிவிடும். எக்செல் போன்ற விரிதாளில் −3^2 என்று தொடங்கினால் 9 என்று வரும். பைத்தான் மொழியில் அதையே −3**2 என்று எழுதினால் −9 என்று வரும். இவற்றையெல்லாம் நூலில் விரித்து எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. அடைப்புக்குறி போட்டு எழுதும் பழக்கத்தை வலியுறுத்தினாலே போதும்.

அச்சுக்கு அனுப்புவோரிடம் தனியாக ஒரு மன்றாட்டு. 10⁻⁶ என்று இருக்க வேண்டிய இடத்தில் 10-6 என்று அச்சாகி வருவதை வினாத்தாள்களில் பார்க்கிறோம். அதன் மதிப்பு 4. எங்கோ ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது மேலெழுத்து கீழே இறங்கிவிட்டது என்பது பெரியவர்களுக்குப் புரியும். தேர்வு அறையில் வியர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புரியாது. அதேபோல எண்ணின் கழித்தல் குறி ஒரு வரியின் கடைசியில் நின்றுவிட, எண் அடுத்த வரியில் தொடங்குகிறது. படிப்பவர் அதை ஏதோ இணைப்புக்கோடு என்று தாண்டிப் போய்விடுகிறார். குறியும் எண்ணும் பிரியாமல் இருக்கும்படி அமைக்க வழிகள் உண்டு. மெய்ப்புப் பார்க்கும்போது அதற்கென்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்த வயதில் இரண்டு குறிகளையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள், முதலில் மிகை எண்களில் கை பழகட்டும் என்பீர்கள். முதலில் மிகை எண்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என் குறையெல்லாம், அந்த ‘முதலில்’ என்பதற்கு அடுத்தது வருவதே இல்லை என்பதுதான். மேல்வகுப்பு நூல் கீழ்வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று கருதுகிறது, கீழ்வகுப்பு நூல் மேல்வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறது. தவிர, அறிவியல் குறியீட்டைப் படிக்கும் வயதில் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தனி மதிப்பு, அதாவது குறியை நீக்கிய அளவு, என்றால் என்ன என்றும் தெரியும். புதிதாகக் கற்பிக்க ஒன்றுமே இல்லை. தெரிந்த இரண்டைச் சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவே.

வரையறையைத் திருத்துவதற்கு இரண்டு செங்குத்துக் கோடுகள் போதும்: 1 ≤ |அ| < 10. கெழுவின் தனி மதிப்பு 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் −4.2 உள்ளே வந்துவிடுகிறது, −0.42 வெளியே நிற்கிறது, −42-ம் வெளியே நிற்கிறது. கூடவே, சுழிக்கு இந்த வடிவம் பொருந்தாது என்று அரை வரி. சுழியின் தனி மதிப்பை எந்த அடுக்கை வைத்தும் 1-க்கும் 10-க்கும் இடையில் கொண்டுவர முடியாது என்பதைச் சில பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள். கேட்கிற பிள்ளைக்கு நூல் பக்கபலமாக இருக்கட்டும். செங்குத்துக் கோடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று நினைத்தால் அவற்றை விட்டுவிட்டு, ‘குறை எண்ணாக இருந்தால் குறியை நீக்கி எழுதி, பிறகு கெழுவின் முன்னால் குறியைச் சேர்க்கவும்’ என்று சொற்களிலேயே எழுதுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வினாத்தாள் அமைப்போரே, விடைக்குறிப்பைப் பற்றியது கடைசி வேண்டுகோள். −0.0063 கேட்டிருந்தால் சரியான விடை −6.3 × 10⁻³. 6.3 × 10⁻³ என்று எழுதியவர் குறியை விட்டுவிட்டார், −6.3 × 10³ என்று எழுதியவர் புள்ளி நகரும் திசையைத் தவறவிட்டார். −63 × 10⁻⁴ என்று எழுதியவர் மதிப்பில் எந்தத் தவறும் செய்யவில்லை, வடிவத்தை முடிக்காமல் விட்டிருக்கிறார். மூன்றும் மூன்று விதமான தவறுகள். இப்போதுள்ள குறிப்புகள் மூன்றுக்கும் ஒரே சிவப்புக் கோட்டை இழுத்துவிடுகின்றன. இரண்டு மதிப்பெண் வினாவாக இருந்தால், மூன்றாவது விடைக்கு ஒரு மதிப்பெண்ணாவது தருமாறு குறிப்பில் எழுதிவையுங்கள். முதல் இரண்டுக்கு என்ன தருவது என்பதை உங்களுக்குள் விவாதித்து முடிவு செய்யுங்கள். எதுவாயினும் அதைத் திருத்துவோர் எல்லோருக்கும் ஒன்றுபோல அறிவியுங்கள். வரையறை திருந்தி வரும்வரை, “எழுத முடியாது” என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பது என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்